சிங்க வேட்டை நாய் என்று நான் சொன்னது

கால்நடை மருத்துவமனைப் பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களே, மருந்தின் அளவையோ ஊசி போடும் இடத்தையோ நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் கைபேசியில் இருக்கிறது, என்னிடம் இருப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு எழுதச் சொன்னால் தான் கிழித்ததைத்தான் எழுதுவான். நானும் ஒலக்கூர் பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டு மாட்டுக்குப் பிரசவம் பார்த்த கதையை இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். படித்தபின் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனம் பக்கம் மாற்றலாகி வந்தேன். இங்கே நாயைக் கொண்டு வருகிறவர், அதற்கு என்ன நோய் என்று கேட்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்பார். "சார், இது என்னா ஜாதி சார்?" நான் ஒருநாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. காது தொங்கினால் லேப்ரடார் கலப்பு, முடி நீண்டிருந்தால் பொமேரியன் கலப்பு, ஒல்லியாக இருந்தால் சிப்பிப்பாறை. கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடைக்காரரின் நாயைப் பார்த்து, "இதுல அல்சேஷன் ரத்தம் ஓடுது" என்று சும்மா சொல்லிவைத்தேன். அடுத்த வாரம் அதன் கழுத்தில் மணி வைத்த பட்டை ஏறியிருந்தது, எனக்கு டீ இலவசம். யாருக்கும் நஷ்டமில்லாத பொய்தானே என்று இருந்துவிட்டேன். இப்படிப் பழகியதில் தெரியாது என்று சொல்லவே எனக்கு வாய் வராமல் போய்விட்டது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், செஞ்சி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் போட்டிருந்தோம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேப்பமர நிழலில் மேசை. நாயைப் பிடித்துக்கொண்டு பாதி ஊர், வேடிக்கை பார்க்க மீதி ஊர். அந்தக் கூட்டம் திடீரென்று விலகி வழிவிட்டது. ஜெயபாலன் நயினாரும் அவர் மனைவி பத்மாவதியும் ஒரு நாயோடு வந்தார்கள். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களை நயினார் என்றுதான் மரியாதையாக அழைப்போம். காலங்காலமாக உழுது பயிர் செய்கிறவர்கள். அவர்கள் வீட்டில் புலால் கிடையாது, பொழுது சாய்ந்தபின் சாப்பாடும் கிடையாது.

நாய் கன்றுக்குட்டி உயரம் இருந்தது. மண் நிறம், பெரிய தலை, கறுத்த முகம். பத்து மாதம்தான் ஆகிறது என்றார்கள். நான் கிட்டே போனதும் தொண்டைக்குள் உறுமியது. நயினார் என் தோளில் கை வைத்து, "சீசர், நம்ம டாக்டருடா" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டது. அந்த நாயைப் பற்றி நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதெல்லாம் அந்த ஒரு நொடியில் என் கண்முன் நடந்துவிட்டது. எனக்கு அது உறைக்கவில்லை.

"நொண்டுது சார்," என்றார் நயினார். "போன மாசம் வலது கால ஊனாம இருந்துச்சு. இப்போ அது சரியாப் பூட்சி, எடது கால ஊன மாட்டேங்குது."

வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கு எலும்பில் வலி வரும், கால் மாற்றிக் கால் நொண்டும், சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். இது நமக்கெல்லாம் கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததுதான். அதை மட்டும் சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் இன்று எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் கூட்டத்திலிருந்து ஒருவர், "என்னா ஜாதி சார் இது, இம்மாம் பெருசு?" என்று கேட்டுவிட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

பத்மாவதியம்மா பிளாஸ்டிக் உறையில் இருந்த ஒரு தாளை நீட்டினார். "பையன் துபாய் போறதுக்கு முன்னாடி பெங்களூர்ல வாங்கியாந்து உட்டான் சார். கொல்லைல நாங்க ரெண்டு பேரு மட்டும்தான இருக்கறோம், தொணைக்கு இருக்கட்டும்னு. பேரு என்னமோ சொன்னான், வாயில நொழையல. இதுல எழுதியிருக்குதாம், இங்கிலீசுல. நீங்களே படிச்சு சொல்லுங்க சார்."

ஊர் பார்க்கத் தாளை வாங்கிப் படித்தால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடாதா? "அதெல்லாம் படிக்க வேணாம்மா, பாத்தாலே தெரியுது" என்று அதைத் தடுப்பூசிப் பதிவேட்டுக்குள் செருகிவிட்டேன். பிறகு, "இதுக்கு என்ன போட்றீங்க?" என்று கேட்டேன்.

"தயிர்சாதம், பருப்பு, கேப்பைக் களி. மல்லாட்டைய வறுத்து இடிச்சுக் கலந்துடுவேன். நாங்க சாப்புட்றப்பவே அதுக்கும் வெச்சிடுவேன் சார், பொழுதோட." மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.

"அப்ப நயினார் வீட்டு நாயும் விரதமா?" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த அம்மாவும் முதலில் சிரித்தார். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை, சிரிப்பு வந்த ருசியில் மேலே போனேன்.

"இது ஆப்பிரிக்காவுல சிங்கத்த வேட்டையாட வளத்த ஜாதி. ரத்தத்துலயே வேட்டை இருக்குது. இதுக்குப் போயி தயிர்சாதம் போட்டா முதல்ல காலு போவும், அப்புறம் புத்தி போவும். ஒரு நாளு வீட்டு ஆளையே கடிச்சுக் கொதறிடும்."

எப்போதோ ஒரு படத்தில் பார்த்த வேறொரு இனத்தின் கதை அது. அதையும் அரைகுறையாகத்தான் கவனித்திருந்தேன். மீதியை அந்த மேசையிலேயே நின்று கட்டினேன். பதின்மூன்று வருடம் அதே வட்டாரத்தில் வேலை பார்த்தவன் நான், நேற்று வந்தவன் இல்லை. அந்தச் சமாதானமும் எனக்குக் கிடையாது.

நயினார் வெகுநேரம் நாயின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். "கறிக்கு நாங்க எங்க சார் போறது? கையால தொட்டதுகூட இல்ல. ஆனா இது பட்டினி கெடக்குதுன்னு தெரிஞ்ச பெறவும் வெச்சுக்கினு இருந்தா, அதுவும் ஒரு உயிர வதைக்கறதுதான?" என்றார். எவ்வளவு சுலபமாக என் வார்த்தையை நம்பினார் பாருங்கள். நம்பியது மட்டுமல்ல, தன் தர்மத்தை வைத்தே தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டார். நான் பெருந்தன்மையோடு, நல்ல இடமாகப் பார்த்துத் தருகிறேன் என்றேன்.

மயிலத்துக்கு அந்தப் பக்கம் கல்குவாரி வைத்திருந்த ஒருவர் என்னிடம் மாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வார். குவாரியில் டீசல் திருடு போவதாகப் புலம்பிக்கொண்டிருந்தார். சிங்க வேட்டை நாய் என்றதும் மறுநாளே வண்டி அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனேன். கல் உடைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மொட்டை வெயிலில், சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். உடம்பெல்லாம் கல்தூசி. பக்கத்தில் போனவர்கள் மேலெல்லாம் பாய்ந்தது. வேலையாட்கள் அதன் மேல் கல்லை விட்டெறிந்து பழகியிருந்தார்கள். கால் மட்டும் நொண்டவில்லை. பார்த்தாயா, கறி போட்டதும் கால் சரியாகிவிட்டது, குணமும் நான் சொன்னபடியே இருக்கிறது என்று மனத்துக்குள் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு போனேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மேலும் இரண்டு மாதம் போயிற்று. சித்திரை வெயிலில் ஒரு காலை பத்து மணி இருக்கும், நயினார் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், சீசர் வந்துட்டுது சார். சங்கிலிய அறுத்துக்கினு வந்துட்டுது. வாசல்ல படுத்துக்கினு இருக்குது. பொண்ணு பிரசவத்துக்கு வந்து பெத்துப் பொழச்சு இருபது நாளுதான் ஆவுது, உள்ள கொழந்த இருக்குது. நீங்க அன்னிக்கு சொன்னீங்களே. கதவ சாத்திக்கினு உள்ளயே இருக்கறோம். ஜல்தி வாங்க சார்."

குவாரிக்காரருக்குத் தகவல் சொல்லிவிட்டு நானும் உதவியாளரும் பைக்கில் போனோம். கொல்லையில், வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் சின்ன மாடிவீடு. வரப்பில் இருபது முப்பது பேர் கம்போடு நின்றார்கள். நாய் வாசற்படியின் குறுக்கே படுத்திருந்தது. கழுத்தில் அரை முழம் சங்கிலி தொங்கியது, பட்டை அழுத்திய இடம் புண்ணாகியிருந்தது. யாராவது களத்தில் கால் வைத்தால் எழுந்து நின்று உறுமும். பின்வாங்கினால் மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். வீட்டுக்குள் இருப்பவர்களைக் கடிக்க வந்த நாய் கதவைப் பார்த்து நிற்கும். இது கதவுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்துப் படுத்திருந்தது. இத்தனை வருடம் விலங்குகளோடே இருந்தவனுக்கு இது புரியாமல் இருக்குமா? புரிந்தது. பார்த்த நொடியிலேயே புரிந்தது.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நயினார் முகம் தெரிந்தது. "சார், என் கொரலக் கேட்டா வாலாட்டுது சார். கதவத் தொறக்கலாமா?"

அதற்குள் குவாரிக்காரரும் டெம்போவோடு வந்து என் பக்கத்தில் நின்றார். "என்னா சார், சிங்கத்தயே அடிக்கற ஜாதின்னீங்களே. கொழந்தையக் கவ்விட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் உரக்க. கம்போடு நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் பலர் முகாமில் என் பேச்சுக்குச் சிரித்தவர்கள்.

திறக்கலாம் என்று சொல்வதென்றால் அன்று சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவேளை என் கணிப்பு தவறி, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் எனக்கு இருந்தது என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் கொஞ்சம் இருந்ததும் உண்மைதான். ஆனால் முதலில் வந்தது அது அல்ல. முதலில் வந்தது என் முகம் என்ன ஆகும் என்ற கவலை.

"வேணாம் நயினாரே. தொறக்காதீங்க," என்றேன்.

மயக்க மாத்திரைகளைப் பொடி செய்து, பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தேன். யார் கொடுத்தால் சாப்பிடும் என்பதில் சந்தேகமே இல்லை. பத்மாவதியம்மா அதைத் தயிர்சாதத்தில் பிசைந்து, முன் ஜன்னலின் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உருண்டை உருண்டையாகக் கொடுத்தார். நாய் ஒவ்வோர் உருண்டையையும் விரல் படாமல் வாங்கித் தின்றது. நாயின் எடையைக் கண்ணாலேயே கணக்குப் போட்டிருந்தேன். போதாமல் போய்விட்டால் ஊர் சிரிக்கும் என்று இன்னும் இரண்டு மாத்திரை கூட்டியிருந்தேன். பெரிய தலையும் கனத்த உடம்பும் உள்ள இந்த மாதிரி நாய்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் கூடவே இருந்து மூச்சைப் பார்க்க வேண்டும். நான் வண்டியில் ஏறவில்லை. தூங்கிய நாயைத் தார்ப்பாயில் கிடத்தித் திறந்த டெம்போவில் ஏற்றினார்கள். நான் களத்தில் நின்று மோர் குடித்தேன்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது பார்த்தால் மூச்சு இல்லை என்று குவாரிக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்.

அன்று மாலை நயினாரிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர், "எதனால சார்?" என்று கேட்டார். என் பொய்களிலேயே கேவலமானதை அப்போதுதான் சொன்னேன். "குட்டில சத்தான தீனி இல்லாததால உள்ள ஈரலு, இதயம் எல்லாம் பலவீனம் நயினாரே. அது தாங்கல."

ஒரு வாரம் கழித்துப் பதிவேட்டைப் புரட்டும்போது பிளாஸ்டிக் உறை கீழே விழுந்தது. நாயை விற்றவர்கள் கொடுத்த ஒரே ஒரு பக்கம்தான். போயர்போல் என்று பெயர் போட்டிருந்தது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய விவசாயிகள், தங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன பெரிய நாய்களை அந்த மண்ணின் நாய்களோடு கலந்து உருவாக்கிய இனம். ஆள் நடமாட்டமில்லாத பண்ணைகளில் வீட்டுக்காரன் வெளியே போயிருக்கும்போது பெண்களையும் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் பார்த்துக்கொள்ளத்தான் அதை வளர்த்திருக்கிறார்கள். பெயருக்கே விவசாயியின் நாய் என்றுதான் பொருளாம். எஜமான் ஒருவரை அறிமுகப்படுத்தினால் ஏற்றுக்கொள்ளும், அமைதியானது, தன் குடும்பத்தை விட்டுப் பிரியாது, தனியே சங்கிலியில் கட்டினால் கெட்டுப்போகும், வளரும் பருவத்தில் நொண்டலாம், பயப்பட வேண்டாம். கடைசி வரியில், சைவ உணவு கொடுக்கும் வீடுகள் பால், தயிர், பருப்பு தாராளமாகக் கொடுத்து மருத்துவரின் ஆலோசனையைக் கேட்கவும் என்று இருந்தது. மருத்துவரின் ஆலோசனை என்ற இடத்தில் அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை.

அன்றே பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. பிறகு விழுப்புரம் பக்கம் மாற்றலாகிப் போனேன். ஒருமுறை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போனபோது நடையில் நயினார் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "எங்க தப்புக்கு அன்னிக்கு நீங்க பேஜாரு பட்டீங்க டாக்டர்," என்றார். எங்களைச் சுற்றி ஒரு கூட்டமும் இல்லை. வாயைத் திறந்திருக்கலாம். "உடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். ஆறு மாதத்தில் அவர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

உங்களில் யாராவது நான் செய்ததைப் போலச் செய்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், தயவுசெய்து இன்றே போய்ச் சொல்லுங்கள். நான் ஓய்வு பெற்று, பென்ஷன் தாளெல்லாம் முடித்து, அடுத்த வருடம்தான் போனேன்.

பத்மாவதியம்மா களத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. அடையாளம் தெரிந்து நாற்காலி போட்டார். நான் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நயினாரைப் பற்றி விசாரித்தேன்.

"சீசர் போன அன்னிலேந்து அவரு தயிர விட்டுட்டாரு சார். எங்கள்ல ஒண்ண விடறதுன்னா விட்டதுதான். எங்க சோறே அதக் கொன்னுடுச்சுன்னுவாரு. கடைசில ஆஸ்பத்திரில டாக்டருங்க மோராவது குடிங்கன்னாங்க. வாயத் தொறக்கல."

அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சிங்க வேட்டை என்பது நானாகக் கட்டிவிட்டது, கால் வலி தானாகச் சரியாகியிருக்கும், நீங்கள் போட்ட சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, அதைக் கொன்றது என் மருந்துதான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பேச்சு குழறியது, அழுதும் விட்டேன். இத்தனை வருடத்து வெட்கம் இத்தோடு கொஞ்சமாவது குறையும் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போல.

அந்த அம்மா திட்டவில்லை. உடைத்துக்கொண்டிருந்த மல்லாட்டையை முறத்தில் வைத்தார். "அப்ப அன்னிக்கு கதவத் தொறந்திருந்தா, அது ஒண்ணும் பண்ணியிருக்காதா சார்?" என்று கேட்டார்.

"பண்ணியிருக்காதும்மா. உங்களுக்குக் காவலாத்தான் படுத்திருந்துது."

"அவரு தொறக்கறேன்னுதான் சார் நின்னாரு. வாலாட்டுதுடின்னு சொல்லிக்கினே இருந்தாரு. நான்தான் தாழ்ப்பாள விடாம புடிச்சுக்கினு இருந்தேன்," என்றார். தன் வலது கையை மடியில் மலர்த்தி வைத்து அதையே பார்த்தார். "சோறு உருட்டிக் குடுத்ததும் இந்தக் கைதான்."

நான் என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. கிளம்பி வரப்பு முனை வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா இன்னும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.